கண்ணூறுக்கு வைத்த பெயர்

என் மகள் ஸைனபுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. ஆனால் எல்லாம் விளங்கும். தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். பக்கத்து வளவில் இருக்கும் என் மூத்த சகோதரி, ராத்தா, அவளை "ஊமை" என்றுதான் கூப்பிடுவார். நான் ஏசினால், "அப்பிடிக் கூப்பிட்டா கண்ணூறு படாது புள்ள. அவளுக்கு என்ன விளங்கவா போகுது," என்பார். எங்கள் தெருவுக்கு வாய் அதிகம். கடைசியில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டால் மகள் சிரித்துக்கொண்டு ஓடிப் போவாள்.

கல்முனைக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போன அன்று ராத்தாவும் கூட வந்தார். பயிற்சி கொடுக்கும் பெண் மகளின் முன்னால் கண்ணாடியைப் பிடித்து, "மகள், இது யாரு?" என்று கேட்டார்.

மகள் கண்ணாடியைத் தொட்டுத் தெளிவாகச் சொன்னாள்: "ஊமை."

"அல்ஹம்துலில்லாஹ், புள்ள கதைச்சிட்டாள்," என்று ராத்தா சந்தோஷத்தில் அழுதார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஸைனப் என்று கூப்பிட்டால்தான் தேநீர் ஊற்றுவேன். ராத்தாவும் ஸைனப் என்றுதான் கூப்பிடுகிறார். மகள்தான் அந்தப் பெயருக்கு இன்னும் திரும்பிப் பார்ப்பதில்லை.