கடல்நாய்க்கு ஒரு பனிமேடு

வெய்யோவின் அப்பா காலத்தில் சைமா ஏரியில் கடல்நாயைக் கொன்றால் அரசாங்கம் பரிசு கொடுத்தது. மீனையெல்லாம் தின்றுவிடுகிறது என்று ஊரே அதைக் கரித்துக் கொட்டியது. பனியுகம் முடிந்து நிலம் மேலெழுந்தபோது கடல் விலகிப் போக, ஏரியிலேயே தங்கிவிட்ட கூட்டம் அது. கடலைக் கண்ணால் காணாத கடல்நாய்கள். இப்போதோ அவற்றைப் பார்க்கத்தான் கோடையில் ஹெல்சிங்கிக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து வெய்யோவின் மூன்று மரக்குடில்களில் தங்குகிறார்கள்.

அந்த ஜனவரியில் பனி சரியாக விழவில்லை. கரையோரப் பனிக்குவியலைக் குடைந்துதான் கடல்நாய் குட்டி போடும். குவியல் இல்லையென்றால் குட்டி வெட்டவெளியில் குளிருக்கோ நரிக்கோ பலியாகும். பனியைக் குவித்து மேடு கட்ட ஆள் தேவை என்று அறிவிப்பு வந்ததும் வெய்யோ முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

“அறுபத்தெட்டு வயசுல உனக்கு இது தேவையா? வாசல்ல பனி அள்ளச் சொன்னா மட்டும் முதுகு வலிக்குது” என்றாள் மனைவி தூலிக்கி.

வெய்யோ முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். “ஒரு தடவை என் வலையில ஒரு குட்டி மாட்டிச் செத்துப்போச்சு. நான்தான் பொதைச்சேன்.”

“அதுக்கா வலையெல்லாம் கொளுத்தினே? எங்கப்பா குடுத்த வலையாச்சே, அவர் மேல கோவம்னுல்ல நெனச்சேன்!”

“உங்கப்பா மேல எனக்கென்ன கோவம்?”

“அதைத்தான் அவரும் சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தாரு.”

மறுநாள் அவளும் ஒரு மண்வாரியோடு வந்தாள். உறைந்த ஏரி மேல் கிடந்த பனியைச் சுரண்டிச் சுரண்டிக் கரையோரம் நெஞ்சுயரத்துக்கு மேடு கட்டினார்கள். அதன்பின் அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்பது விதி. மார்ச்சில் இரண்டு நாள் மழை கொட்டியது. மேடு சரிந்து உள்ளே குட்டி நசுங்கியிருக்குமோ என்று வெய்யோ ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

ஏப்ரலில் எதிர்க்கரைப் பாறையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தார்கள். வெய்யோவுக்கு முதலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தூலிக்கி அவர் முழங்கையைப் பிடித்து மேட்டின் பக்கம் திருப்பினாள்.

மேட்டின் ஒரு பக்கம் இடிந்திருந்தது. அதையொட்டிப் பனிக்கட்டி மேல் தாய். பக்கத்தில் சாம்பல் நிறத்தில், கொழுகொழுவென்று, வெயிலுக்கு வயிற்றைக் காட்டியபடி ஒரு குட்டி.

“செத்துக் கெடக்கா?” என்றார் வெய்யோ.

“சொறியுது பாரு. செத்தது சொறியுமா?”

வெய்யோ தொப்பென்று பாறையில் உட்கார்ந்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. தூலிக்கி பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றினாள். பாறை ஈரத்தில் கால்சட்டை நனைவதைக்கூடக் கவனிக்காமல், மதியம்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.