நேராக ஓடிய கால்

முதலில் கேட்டது சத்தம்தான். வலது முழங்காலுக்குள் ‘டொக்’ என்று ஒன்று ஒடிந்தது. அப்போது நான் சென்னையில் ஒரு கால்பந்து கிளப்பில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்த முன்கள ஆட்டக்காரி. பந்தை வாங்கி, முதுகோடு ஒட்டி நின்றவளை ஏமாற்றிச் சட்டென்று திரும்பினேன். உடம்பு திரும்பியது, பூட்ஸ் புல்லைக் கவ்விக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

எனக்கு மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை. நாங்கள் வெறுங்காலோடு மணலில் ஆடிப் பழகியவர்கள். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை மணலில் புதைத்துச் சுழல்வோம், மணல் விட்டுக்கொடுக்கும். புல்லில், குமிழ் வைத்த பூட்ஸோடு அதைச் செய்யக் கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தத் திருப்பத்தைத்தான் ஊரே மெச்சிக்கொண்டிருந்தது.

குணமானதும் வா, தாமதமானால் வேறு ஆள் பார்ப்போம் என்று சொல்லி கிளப் என்னை ரயிலேற்றியது. வீட்டுக்கு வந்தபோது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அம்மா ஆசானை (வர்ம வைத்தியர்) அழைத்து வந்தாள். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் மருந்தெண்ணெயும் குழைத்துக் கட்டுப் போட்டார். மூன்றாம் நாளே அது நாறத் தொடங்கியது. அந்த நாற்றத்தோடு சாப்பிட்டேன், அதோடு தூங்கினேன். இன்றும் உளுந்து அரைக்கும் வாசம் வந்தால் எனக்குக் குமட்டும்.

அதைவிட அருவருப்பு, வந்தவர்களின் கைகள். பார்க்க வந்த ஒவ்வொருவரும் முழங்காலை அமுக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல. என் காலை நானே தொடவில்லை, ஊர் தொட்டது.

சில வாரங்களில் வீக்கம் வற்றியது. “நீரு வத்திட்டுல்லா மக்கா” என்று அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். மாதா கோவில் திருவிழாப் பந்தாட்டம் நெருங்கியிருந்தது. சின்ன வயதில் எனக்குப் பயிற்சி தந்த சார் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போய் ஓடச் சொன்னார். அலை நனைத்த இறுகிய மணலில் ஓடினேன், வலிக்கவில்லை.

“நேரா ஓடுதேல்லா. பிறகென்ன?” என்றார் சார்.

அடிபட்ட யாரையும் அவர் அப்படித்தான் சோதிப்பார். ஊரில் எல்லோருக்கும் அதுதான் சோதனை. நேராக ஓடினால் கால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். முன்கள ஆட்டக்காரி எப்போது நேராக ஓடுகிறாள்?

இறுதி ஆட்டத்தில் மட்டும் இறங்கினேன், முதல் திருப்பத்திலேயே முழங்கால் கழன்று போனது. விழுந்து கிடந்தபோது நேர் மேலே என் முகம் போட்ட ஃப்ளெக்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்காரர், எழுந்து ஆடு என்று எனக்குத் தைரியம் சொன்னார். அந்த ஒலிபெருக்கியின் மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

நாகர்கோவிலில் எலும்பு மருத்துவர் எம்ஆர்ஐ ஸ்கேன் (உள்ளுறுப்புகளைக் காட்டும் படம்) பார்த்தார். ஏசிஎல் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் பிணைத்திருக்கும் நார்) முதல் நாளே முழுசாக அறுந்திருந்தது. மெனிஸ்கஸ் (இரு எலும்புகளுக்கும் நடுவில் மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பு) திருவிழாவில்தான் கிழிந்திருக்க வேண்டும் என்றார்.

“வீக்கம் தானா வத்தும். நார் தானா ஒட்டாது. ஓடும்போது சட்டுன்னு பக்கவாட்டுல திரும்பச் சொல்லி உன்னை யாராவது பாத்தாங்களாம்மா?”

அம்மா என்னைப் பார்த்தாள். “ஓடத்தான் சொன்னாங்க” என்றேன்.

தொடையின் பின்புறத்திலிருந்து தசைநாண் எடுத்து மூட்டுக்குள் புது நாராகப் பொருத்தினார்கள். கட்டுப் பிரித்த அன்று என் வலது தொடையைப் பார்த்து நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வற்றிப்போய், வேறு யாருடையதோ போல இருந்தது. படுக்கையில் மலச்சட்டி வைக்க அம்மா இடுப்பைத் தூக்கும்போது, கோல் போட்ட என்னைத் தோளில் தூக்கியவர்களை எல்லாம் நினைத்துக்கொள்வேன். அவர்களில் ஒருவரும் வரவில்லை. கிளப் வேறு ஆள் எடுத்துவிட்டது.

இதைப் படிக்கும் உங்களுக்கும் முழங்காலில் அந்தச் சத்தம் கேட்டிருக்கலாம். வீக்கம் வற்றியதை நம்பாதீர்கள். ஓடிக் காட்டச் சொல்பவர்களை அதைவிட நம்பாதீர்கள். பிசியோதெரபி (தசைப் பயிற்சிச் சிகிச்சை) சலிப்பானது, அழ வைக்கும், விடாமல் செய்யுங்கள். எனக்கு ஒரு வருடத்துக்கு மேலானது. அதன் பிறகே மருத்துவர் என்னை வலப்பக்கம், இடப்பக்கம் எனத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆடலாம் என்றார்.

அடுத்து வந்த திருவிழாவில் ஆடினேன். முன்பெல்லாம் பந்து வரும்போதே திரும்பியிருப்பேன். இப்போது பந்து வந்ததும் முதலில் முழங்காலைக் கேட்கிறேன், அது சரி என்ற பிறகு சின்னச் சின்ன அடி வைத்துத் திரும்புகிறேன். மற்றவர்களுக்கு அது கண் இமைக்கும் நேரம். அதற்குள் பந்தைப் பறித்துவிடுகிறார்கள். எந்தக் கிளப்பும் அந்த நேரத்துக்குச் சம்பளம் தராது. அது எனக்குத் தெரியும்.

அன்று ஒரே ஒரு முறை பறிக்க ஆள் வருவதற்குள் திரும்பிவிட்டேன். கோல்.

ஆட்டம் முடிந்ததும் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “முட்டு எப்படி இருக்கு மக்கா?” என்று குனிந்து கையை நீட்டினார்.

“தொடாதீங்க சார்.”

அவர் கை அந்தரத்தில் நின்றது. நான் மணலில் உட்கார்ந்து, தழும்பின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது.