திரும்பி வரும் மீன்

பிரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக் சுவரில் பெரிய கடல் படம் ஒன்று மாட்டியிருந்தது.

"என் தம்பி கம்ப்யூட்டர்ல வரைஞ்சது, அங்கிள்," என்றாள் கவுண்டர் பெண்.

பல் கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டினேன். செதிலுக்குச் செதில் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்திருந்தது. ஒரு மீனைப் போல இன்னொன்று இல்லை.

கிள்ளானில் எங்கள் வீட்டிலும் ஒரு கடல் இருந்தது. மீன்தொட்டிக்குப் பின்னால் ஒட்டுகிற நீலத்தாள். "தொட்டி அடுத்த மாசம் வாங்கலாம் லா," என்று சொல்லி அப்பா அதைச் சுவரிலேயே ஒட்டிவிட்டார். அம்மா இல்லாத வீடு. அப்பா லோரியில் ஜொகூர் போய்விட்டால், பக்கத்து வீட்டு ஆன்டி சோறு கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் நானும் அந்தத் தாளும்தான். அதே மஞ்சள் மீன் சாணுக்கு ஒன்றாக அச்சாகியிருந்தது.

"என்னப்பா, எல்லாம் ஒரே மீனா இருக்கு?"

"ஒரே மீனுதான்டா. சுத்திட்டுத் திரும்பி வருது. நான் ஜொகூர் போயிட்டு வர்றேன்ல, அந்த மாதிரி."

ஒரு முறை லோரி கவிழ்ந்து, அப்பா திரும்பி வரவே இல்லை. ஆன்டி வந்து கையைப் பிடிக்கும்வரை நான் அந்தத் தாளின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன அங்கிள், படத்துல அப்படித் தேடுறீங்க? ஏதும் தப்பா இருக்கா?" என்றாள் கவுண்டர் பெண்.

"இல்லம்மா. ரொம்ப நல்லா வரைஞ்சிருக்காரு."

ஓரம்வரை பார்த்துவிட்டேன். எந்த மீனும் இரண்டாம் முறை வரவில்லை.