எஞ்சினைத் திறக்காத சனிக்கிழமை

பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணிப் பக்கம் படிப்பிக்கப் போகும் நான்கு ஆசிரியைகளைச் சுவர்ணாவின் ஜீப்தான் ஐந்து வருடமாக ஏற்றி இறக்கியது. காலை ஆறு பத்துக்கு முதல் வீட்டுப் படலையில் ஹோர்ன் அடிக்கும். மாரியில் வெள்ளம் நின்றாலும் கோடையில் மணல் ஏறினாலும் அந்தப் பாதையின் கடைசித் துண்டை ஜீப் முனகிக்கொண்டே கடந்துவிடும்.

ஜீப்பை வாங்கியவன் கணவன் முத்துக்குமாரு. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. பத்து மாதத்துக்கு ஒருமுறை வருவான், இரண்டு மாதம் நிற்பான். சாரதி ஒருவரை வைத்து வாடகைக்கு விடலாம் என்று, ஏற்கனவே இருபது வயதான அந்த வாகனத்தை வாங்கி முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போனான். முதல் சாரதி டீசலை விற்றான். இரண்டாவது சாரதி ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டாருக்குப் போய்விட்டான். மூன்றாவது ஆளைத் தேடிக் களைத்துப்போன சுவர்ணா, முப்பத்தாறு வயதில் தானே போய் லைசென்ஸ் எடுத்தாள். கப்பல்காரன்ரை பெண்டில் தரையிலை கப்பல் ஓட்டுறா என்று மீன் சந்தையில் சிரித்தார்கள். அவள் சந்தையைக் கடக்கும்போது ஹோர்னைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாள். அவ்வளவுதான் அவள் சொன்ன மறுமொழி.

இந்த வருடம் ஓகஸ்ட் விடுமுறையில், நல்லூர்த் திருவிழாவுக்கு நோர்வேயிலிருந்து வந்த மகாதேவி குடும்பம் ஜீப்பைப் பத்து நாளுக்குப் பிடித்தது. நல்ல மனிதர்கள். கடைசி நாள் மகள்காரி ஐஸ்கிரீம் கோப்பையை முன் சீற்றுக்குக் கீழே தட்டிக் கொட்டியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. அவர்கள் விமானம் ஏறிய மறுநாளே ஜீப் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் ரேடியேற்றருக்கு ஒரு பெரிய போத்தல் தண்ணீர் வேண்டியிருந்தது. நெல்லியடிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் தூரத்திலேயே சூடு காட்டும் முள் மேலே ஏறி நின்றது.

சுவர்ணா வாகனத்தை நெல்லியடியில் கராஜ் வைத்திருக்கும் சுதாகரனிடம் கொண்டுபோனாள். வேறு இரண்டு முறைப்பாடுகளும் இருந்தன: ஏசி முன்னைப்போலக் குளிரவில்லை, காலையில் முன்கண்ணாடியின் உட்பக்கம் பனிபோலப் புகார் படிகிறது. அதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் தண்ணீர் என்றான் சுதாகரன்.

ஒழுக்குப் பார்ப்பதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. போன வருடத்துக் கலண்டர் தாள்களை வெள்ளைப் பக்கம் மேலே தெரிய நிலத்தில் விரித்து, அதன்மேல் வாகனத்தை நிறுத்துவான். காலையில் எந்தத் தாளில் எந்த இடத்தில் கறை விழுந்திருக்கிறது என்று பார்த்தால், எந்தக் குழாய், எந்த மூட்டு என்று சொல்லிவிடுவான். நிறம் தெளிவாகத் தெரியவேண்டுமென்று, இவ்வளவு காலமும் சுவர்ணா ஊற்றிவந்த கிணற்றுத் தண்ணீரை இறக்கிவிட்டுப் பச்சைக் கூலன்ற் ஊற்றினான். எங்கடை கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி, அதைக் குடிச்ச எஞ்சின் என்னத்துக்கு ஆகும் என்று ஏசவும் செய்தான்.

தாள்கள் சுத்தமாக இருந்தன. அடுத்த நாளும் ஒரு பொட்டு விழவில்லை. ஆனால் ரேடியேற்றரில் மட்டம் இறங்கியிருந்தது. கையால் காற்றடிக்கும் பம்பை ரேடியேற்றர் வாயில் பூட்டி அழுத்தம் ஏற்றிப் பார்த்தான். முள் மெதுமெதுவாகக் கீழே வந்தது. வெளியே எங்கும் ஈரமில்லை. வெளியே போகாத தண்ணீர் எஞ்சினுக்குள்தான் போகவேண்டும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும் என்று சுதாகரன் வெள்ளிக்கிழமை பின்னேரம் சொன்னான். சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். பழைய எஞ்சின், போல்ற் ஏதும் முறிந்தால் இன்னும் இழுபடும். மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளச் சொன்னான்.

பள்ளிக்கூடம் திங்கட்கிழமை தொடங்குகிறது.

அன்றிரவு வான் வைத்திருக்கும் சுரேஸ் போன் எடுத்தான். மரியாதையாகத்தான் கதைத்தான். அக்காவின் ஜீப் எழும்பும் வரைக்கும் ரீச்சர்மாரைத் தான் ஏற்றுகிறேன், அவர்களை நடுறோட்டில் விடக்கூடாதுதானே என்றான். சுவர்ணா நன்றி சொல்லி வைத்தாள். மூன்று கிழமை வானில் பழகியவர்கள் திரும்பி ஜீப்பில் ஏறமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆசிரியைகளுக்காகப் பேசும் பிரசாந்தி ரீச்சர், ஞாயிறு பின்னேரத்துக்குள் ஒரு முடிவு சொன்னால் போதும் என்றிருந்தார். அந்த ஓட்டம் போனால் ஜீப் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் மட்டும்தான். அதை வைத்து ஒரு வாகனத்தையும் ஓட்டமுடியாது, ஒரு வீட்டையும் ஓட்டமுடியாது.

சனிக்கிழமை காலை அவள் கராஜுக்குப் போனது ஜீப்புக்குள் இருந்த சாமான்களை எடுப்பதற்கு. மூன்று கிழமை திறந்து கிடக்கப்போகும் வாகனத்துக்குள் எதையும் விடக்கூடாது. வழக்கம்போலச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு இடதுபக்கச் சீற்றில் ஏறி, முன்லாச்சியைத் திறந்து இன்சூரன்ஸ் கடதாசிகளையும் திருநீற்றுச் சரையையும் பையில் போடத் தொடங்கினாள். அந்தச் சீற்றில் அவள் இருந்தே வருடக்கணக்காகியிருக்கும்.

சுதாகரன் போல்ற் கழற்றும் சாவிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். ஆனால் கை ஓடவில்லை. எஞ்சின் ஒயிலில் தண்ணீர் கலந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை, புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. அது அவனை இரண்டு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. திறக்க முதல் கடைசியாக ஒருக்கால் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பம்பை மீண்டும் பூட்டி, வழக்கத்தைவிடப் பலமாக அடித்தான்.

சுவர்ணாவின் கால் பெருவிரலில் ஒரு சொட்டு விழுந்தது.

குனிந்து பார்த்தாள். இன்னொரு சொட்டு. லாச்சிக்குக் கீழே, கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டியின் விளிம்பிலிருந்து வந்தது. றப்பர் விரிப்பைத் தூக்கினாள். அதற்குக் கீழே கம்பளம் நனைந்து ஊறிக் கிடந்தது. அதே புளித்த ஈர மணம். இரண்டு கிழமையாக அந்த மணத்தை ஐஸ்கிரீமின் தலையில் போட்டு, சவர்க்காரமும் தேசிக்காயும் கொண்டு அந்த இடத்தைத் தேய்த்துக் கொண்டிருந்தாள்.

"சுதா அண்ணை, அடிக்கிறதை நிப்பாட்டாதேங்கோ. இங்கை ஒருக்கால் வாங்கோ."

"நிப்பாட்டாமல் என்னெண்டு பிள்ளை வாறது?"

அவன் ஒரு வெள்ளைத் துணியுடன் வந்து கம்பளத்தில் அமுக்கிப் பிடித்து எடுத்தான். துணி பச்சையாக வந்தது. பிறகு தலையை உள்ளே நுழைத்து, நிமிர்ந்து, நீலமும் சிவப்பும் தீட்டிய திருகியைக் காட்டினான். அது சிவப்பில் பாதி வரை போயிருந்தது.

"உதை ஆர் திருப்பினது?"

அவளுக்குத் தெரியாது. அந்தத் திருகி என்ன வேலை செய்கிறது என்பதும் தெரியாது. வாங்கிய நாளிலிருந்து நீலத்தில் நின்றதால் நீலத்திலேயே விட்டிருந்தாள். யோசித்துப் பார்த்தபோது மகாதேவியின் மகள் ஞாபகத்துக்கு வந்தாள். சாவகச்சேரியில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வரும் வழியில், ஏசி காலில் குளிருது அன்ரி என்று சொல்லிக்கொண்டே, தன் வீட்டு வாகனத்தில் செய்வதுபோல எதையோ திருகினாள். சுவர்ணாவின் கண் றோட்டில் இருந்தது.

சுதாகரன் பம்பில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அது ஹீற்றர். எஞ்சினின் சுடுதண்ணீர் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ரேடியேற்றர் ஒன்றுக்குள் போய் வரும், அதனால் உள்ளே சூடாகும். திருகி நீலத்தில் இருந்தவரை வழி அடைபட்டிருந்தது. உள்ளே கிணற்றுத் தண்ணீர் கிடந்து அரித்து வைத்ததை யாரும் அறியவில்லை. நோர்வேப் பிள்ளை திறந்துவிட்டதும் அழுத்தம் ஏறி ஓட்டை வாய் விட்டுவிட்டது. தண்ணீர் எல்லாம் கம்பளத்துக்குள் இறங்கியதால்தான் கலண்டர் தாளில் ஒன்றும் விழவில்லை. ஏசி குளிராததும் அதனால்தான், கண்ணாடியில் புகார் படிந்ததும் அதனால்தான்.

"இருபத்திரண்டு வருசமா வேலை செய்யிறன்," என்றான். "இந்த வெய்யிலுக்கை ஹீற்றர் போட்ட ஆக்களை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

"அப்ப எஞ்சின்?"

"எஞ்சினுக்கு என்ன? அது உன்னைவிடச் சுகமா இருக்கு."

சுவர்ணா சீற்றிலிருந்து இறங்கவில்லை. கால் இரண்டும் ஈரக் கம்பளத்திலேயே இருந்தன. அழுகை வருமென்று நினைத்தாள், வந்தது பசி. முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிர்க்கடையில் இரண்டு பிளேன்ரீயும் நாலு வாய்ப்பனும் வாங்கி வந்து, மூன்று வாய்ப்பனைத் தானே சாப்பிட்டாள்.

வேலை அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. ஹீற்றருக்குப் போகும் குழாயையும் வரும் குழாயையும் கழற்றி, இரண்டு வாயையும் ஒரு துண்டுக் குழாயால் வளைத்து ஒன்றாகப் பூட்டிவிட்டான். யாழ்ப்பாணத்தில் அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. திருகியைத் திரும்ப நீலத்துக்குக் கொண்டுவந்து, பம்பை அடித்தான். முள் ஏறிய இடத்திலேயே நின்றது. இருவரும் அதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ தேர்தல் முடிவு பார்ப்பதுபோல.

நாள் முழுவதையும் இந்த எஞ்சினுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சுதாகரனுக்கு மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. கீச்சிடும் பெல்ற்றை மாற்றினான். வெளியிலிருந்து திறக்காத பின்கதவின் பிடியைக் கழற்றி, உள்ளே விலகியிருந்த கம்பியைக் கொளுவினான். கதவு திறந்தது. கம்பளத்தைச் சுவர்ணா தண்ணீர் அடித்துக் கழுவி வெயிலில் காயப்போட்டாள். உன்ரை பெருவிரலுக்கு ஒரு வேலை போட்டுத் தரட்டோ, என்ரை கராஜிலை என்று அவன் கேட்டான். சம்பளம் கட்டாது என்றாள்.

பின்னேரம் இருவரும் கொடிகாமம் வரை ஓடித் திரும்பினார்கள். முள் பாதிக்குக் கீழே அசையாமல் நின்றது. ஞாயிறு காலை, எஞ்சின் குளிர்ந்த பிறகு, சுவர்ணா ரேடியேற்றர் மூடியைத் திறந்தாள். பச்சைத் தண்ணீர் விளிம்போடு நின்றது.

உடனே பிரசாந்தி ரீச்சருக்குப் போன் எடுத்தாள். நாளைக்கு ஆறு பத்துக்கு வாறன் என்று சொல்லி முடிக்க முன்னரே மறுபக்கத்தில் ரீச்சர் பெருமூச்சு விடுவது கேட்டது.

"அப்பாடா. நாங்கள் நாலுபேரும் பயந்துகொண்டு இருந்தனாங்கள் சுவர்ணா. சுரேஸின்ரை வான் பதிவு, அடி நிலத்திலை முட்டும். அந்த மணலுக்கை நாங்கள் சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தள்ளவேண்டி வந்திருக்கும்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே ரீச்சர், நான் வெள்ளியிரவு சோறும் தின்னேல்லை."

"சொன்னால் நீர் வாடகையைக் கூட்டிப்போடுவீர்."

சுவர்ணா சிரித்தாள். ஆறு பத்து என்றால் ஆறு பத்து, படலையடியில் நிற்கவேணும் என்று சொல்லிவிட்டு, காய்ந்த கம்பளத்தை ஜீப்புக்குள் விரிக்கப் போனாள்.