உம்மாவிடம் கொடுத்தனுப்பிய சொல்

ஒலுவில் துறைமுகத்தில் படகு இயந்திரம் திருத்துகிற ஸப்ரியைப் பற்றி மீனவர்களுக்கு ஒரே ஒரு குறை உண்டு. அவனிடம் பேரம் பேச முடியாது. "நாளைக்கு அஸருக்குத் தாறன்" என்றால் நாளைக்கு அஸர் தொழுகை நேரத்துக்கு இயந்திரம் ஓடும். "இது இனிச் சரிவராது காக்கா" என்றால் காலில் விழுந்தாலும் அதே பதில்தான். பழைய இயந்திரத்துக்குப் பெயின்ட் அடித்துப் புதிது மாதிரி ஆக்கித் தரச்சொன்ன ஒரு முதலாளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த மாதம் முழுக்க வேலையில்லாமல் கரையில் குந்திக்கொண்டிருந்தவன் அவன்.

கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் கத்தாரில். மீதிப்பேர் கொரியா வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று யாருக்குமே தெரியாத நாட்டில், தன் கையில் உறுதியாக இருப்பது தன் வாய்ச்சொல் ஒன்றுதான் என்று ஸப்ரி இருபத்தேழு வயதில் முடிவு செய்திருந்தான். பிழைக்கத் தெரியாதவன் என்றது ஊர். ஊர் யாருக்குத்தான் நல்ல பெயர் வைத்தது!

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய் இருக்க வேண்டும். அந்த வீடு பெண்ணுக்கென்று கொடுபட்டிருக்கவும் வேண்டும். புதிதாகக் கட்ட வசதியில்லாத தாய்தகப்பன், தாங்கள் இருக்கிற வீட்டையே கொடுத்துவிட்டுப் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டு ஒதுங்கிவிடுவார்கள். ஸப்ரிக்கு மூத்தவள், ராத்தா பஸ்மினாவின் கலியாணத்தில் அவனுடைய வாப்பா அப்படித்தான் ஒதுங்கினார். மருமகன் கெட்ட மனிதரில்லை. ஆனாலும் தான் கல் சுமந்து கட்டிய வீட்டின் விறாந்தையில், யாராவது கூப்பிடாமல் வாப்பா அதன்பிறகு உட்கார்ந்ததே இல்லை. கேட்டால், "இஞ்ச நல்ல காத்து வருது மனே" என்பார். மூன்று மாரிக்காலம் அந்தக் கொட்டிலில் இருமி இருமியே மவுத்தாகிப்போனார்.

அதனால் உம்மா ஹாஜறா அவனுக்குக் கல்முனைக்குடியில் பெண் பார்த்து வந்தபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெண்ணின் பெயர் அப்னா, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். தகப்பன் பக்கீர் வயல் செய்கிறவர்.

"உம்மா, எனக்கு வீடு வேணாம். ரெண்டு அறை கூலிக்கு எடுத்து இரிப்பம். அவங்கட வீட்டுல அவங்களே இரிக்கட்டும். இதை மறக்காம சொல்லிடுங்க."

"ஓம் மனே, சொல்லிட்டு வாறன்."

போய்விட்டு வந்தவள், "சொல்லிட்டன். நல்லாச் சந்தோசப்பட்டாங்க" என்றாள். வந்த களைப்பில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நிக்காஹ்வுக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்வீட்டுப் படி மிதிப்பது மரியாதையில்லை. சொல்ல வேண்டியதைப் பெரியவர்கள் வழியாகச் சொல்லி அனுப்புவதுதான் ஒழுங்கு. எந்த இயந்திரத்தையும் தானே திறந்து பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லாதவன், தன் வாழ்க்கையின் பெரிய வார்த்தையை உம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தான். பெற்ற தாயை யார் திறந்து பார்ப்பார்கள்? மருதமுனையில் இரண்டு அறை பார்த்து, சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டான். முதல் ஒரு கிழமை மட்டும் பெண்வீட்டில் தங்குவதென்று அவனுக்கு எண்ணம்.

நிக்காஹ் முடிந்து அஸருக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தான். சுவரெல்லாம் புதுப் பெயின்ட். கை கழுவலாம் என்று பின்பக்கம் கிணற்றடிக்குப் போனான். அங்கே புதுத் தகரத்தில் ஒரு கொட்டில். வாசலால் உள்ளே போகாத பழைய அலுமாரி ஒன்று வெளியில் பொலித்தீன் போர்த்தி நின்றது. உள்ளே அப்னாவின் தாய் றபீக்கா மாமி பாய் விரித்துக்கொண்டிருந்தாள். நெல்மூட்டையில் உட்கார்ந்திருந்த பக்கீர், மருமகனைக் கண்டதும் அதிகாரியைக் கண்டவர் மாதிரிச் சட்டென்று எழுந்துவிட்டார்.

"மாமா, இஞ்ச என்ன செய்றீங்க?"

"நாங்க இனி இஞ்சதான் மகன்" என்றார் பக்கீர் சிரித்தபடி. "நல்ல காத்து வருது."

ஸப்ரி கை கழுவாமலே திரும்பினான். உள்ளே போய் அப்னாவிடம் கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீங்க கேட்டதுதானே? 'மகன் வீடில்லாம வரமாட்டானாம், அவன்ட சொல்லு மாறாது' எண்டு உங்கட உம்மாதான் வந்து சொன்னாங்க. வாப்பா ஒலுவிலுக்குப் போய் விசாரிச்சாரு. அந்தப் பொடியன் சொன்னாச் சொன்னதுதான் எண்டு எல்லாரும் சொன்னாங்களாம். அதால வாப்பா கெஞ்சிக்கூடப் பாக்கல்ல."

கெஞ்சிக்கூடப் பார்க்கவில்லை! இத்தனை வருடம் பட்டினி கிடந்து சேர்த்த நல்ல பெயர், அந்த மனிதரின் வாயை அடைக்கத்தான் உதவியிருக்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பான். செய்தது பெற்ற உம்மா. "நான் அப்பிடிச் சொல்லல்ல" என்றான். அப்னா நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்?

மறுநாள் காலையில் உம்மா தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்தாள். விறாந்தையையும் நிலைக்கதவையும் கண்ணாலேயே அளந்தாள்.

"உம்மா, நான் என்ன சொல்லிவிட்ட? நீங்க என்ன சொன்ன?"

அவள் மறுக்கவில்லை. "நான் என்ட வீட்டைக் குடுத்தன். உன்ட வாப்பாவையும் குடுத்தன். எனக்கு ஆரு என்ன திருப்பித் தந்த? வீடு வேணாமெண்டு போற மாப்பிள்ளைக்கு என்ன குறையோ எண்டுதான் ஊர் கதைக்கும். உனக்காகத்தான் மனே செஞ்ச."

"என்ட வாயால செஞ்சீங்களே உம்மா."

வாசலுக்கு வந்து, பக்கத்து வளவுக்காரரும் கேட்கும்படி சொன்னான். "எனக்கு இந்த வீடு வேணாம். மாமாவும் மாமியும் திரும்பி உள்ளுக்கு வந்து படுக்கிறவரைக்கும் நான் இந்த வளவுக்குள்ள கால் வைக்க மாட்டன்." உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனான்.

பக்கீர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். மருமகன் ஒலுவிலுக்கு வேலைக்குப் போகும்போது வேலிக் கடப்படியில் நின்று பணிவாகக் கூப்பிட்டும் பார்த்தார். ஸப்ரி சலாம் சொன்னான், உள்ளே வரவில்லை. அவன் சொல் மாறாது என்பதை அவர் ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தாரே! நான்காம் நாள் அலுமாரி பழையபடி வீட்டுக்குள் போனது. அன்றைக்குத்தான் அப்னா தன் பையோடு மருதமுனைக்கு வந்து, சாவி எங்கே என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஸப்ரி சாய்ந்தமருதுக்குப் போய், ராத்தா வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில் இருக்கிற உம்மாவைப் பார்க்கிறான். அவள் ஆக்கியதைச் சாப்பிடுகிறான், மருந்து வாங்கிக் கொடுக்கிறான். போன வெள்ளி, கொட்டிலிலிருந்து முன்வீட்டுக்கு ராத்தாவிடம் புறப்பட்ட உம்மா, வழக்கம்போலக் கேட்டாள்.

"ராத்தாக்கிட்ட ஏதும் சொல்லணுமா மனே?"

அவன் கை கழுவிக்கொண்டே சொன்னான். "வேணாம் உம்மா. நானே போய்ச் சொல்லிக்கிறன்."