இனி அவசரமில்ல

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன்.

அவர் மலையாள நாட்டுத் தம்பானூரில் ஒரு லாட்ஜின் காவலாளி, திருநெல்வேலிக்காரர். வாக்காளர் அட்டையை முருகன் படத்தோடு சட்டைப்பையில் வைத்திருப்பார். ஊரிலிருந்த தன் ஓட்டை இங்கே மாற்றக் கடைசி நாளில் தேர்தல் அலுவலகத்துக்கு வந்தார். கவுண்டரை மூடிய அலுவலர், "இனி அவசரமில்ல" என்றார். மலையாளத்தில் அதற்கு இனி வாய்ப்பில்லை என்று பொருள்.

"அப்போ மெதுவா வாரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மலையாளம் தெரிந்த நான் வரிசையில் அவர் பின்னால் நின்று சிரித்தேன், அர்த்தத்தை அவருக்குச் சொல்லவில்லை.

தேர்தலன்று இங்கே பட்டியலில் அவர் பெயர் இல்லை; ஊருக்குப் போய் ஓட்டுப் போடவும் நேரமில்லை. "அவசரமில்லன்னுதானே சொன்னாவ, அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த தேர்தலுக்கு அரசு தமிழிலும் அறிவிப்பு ஒட்டியது. அவரே படித்து, விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, ஓட்டும் போட்டார். மை விரலைக் காட்டி, "இந்தவாட்டி அவசரமா வந்துட்டேன் அண்ணாச்சி" என்றார்.

அன்றும் அந்தச் சொல்லின் பொருளை நான் அவருக்குச் சொல்லவில்லை. பெருமாள் மன்னிக்கட்டும். இதை யாருக்காவது சொன்னால், நான் சிரித்ததையும் விடாமல் சொல்லுங்கள்.