என் போன் காட்டின வெயில்

துபாய்ல வேலை செய்யற மச்சான் சித்திரையில லீவுக்கு வந்தப்போ, தன்னோட பழைய போனை எனக்குக் கொடுத்துட்டுப் போனான். தொட்டா வெயில், காத்து, மழை எல்லாம் படம் போட்டுக் காட்டும். மேல ஊர் பேரு இருக்க வேண்டிய எடத்துல என்னமோ நெளிநெளியா இருந்துது. டிசைன்னு நெனச்சேன். அது நாப்பத்திரெண்டு டிகிரி, வெயில், மழை இல்லன்னு காட்டும். வெளிய வந்தா ஆரணியும் அப்படியேதான் கொளுத்தும். நான் ஏன் சந்தேகப்படப் போறேன்?

எங்க தெருவே பட்டு நெசவு. பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வெக்கணும். நடுவுல மழை பிடிச்சா இழையெல்லாம் ஒட்டிக்கும். அதனால விடிஞ்சதும் ஆளாளுக்கு என் வாசல்ல வந்து நிப்பாங்க. "அண்ணா, இன்னிக்கு எப்படி?" நான் கொஞ்ச நேரம் சும்மா காக்க வெச்சிட்டு, "போடுங்க, ஒண்ணும் வராது"ம்பேன். கலெக்டருக்குக்கூட அந்த மரியாதை கிடைச்சிருக்காது.

ஆடியில ரெண்டு தரம் மழை வந்துது. பக்கத்து ஊர் களம்பூருக்குப் போவ வேண்டிய மழை, வழி தப்பிடுச்சுன்னு சமாளிச்சேன். "அதைத் தூக்கிப் போட்டுட்டு வானத்தைப் பாருய்யா"ன்னா என் பொண்டாட்டி. பொறாமைன்னு விட்டுட்டேன்.

ஐப்பசியில எதிர்வீட்டு அக்கா வந்தாங்க. இருபது வருஷமா ஊரார் கல்யாணத்துக்கே நெய்ஞ்சவங்க, மொத தடவையா தன் பொண்ணு முகூர்த்தப் புடவைக்குப் பாவு போடப் போறாங்க. மாப்பிள்ளையும் துபாய்தான். இன்னொரு பாவுக்கு வசதியும் இல்ல, நாளும் இல்ல.

"நல்லா பார்த்துச் சொல்லுப்பா."

மேல கருகருன்னு மேகம். நான் போனைத்தான் பார்த்தேன். "சொட்டு விழாதுக்கா. என் பொறுப்பு."

பாதி கஞ்சி போடல, கொட்டிச்சு பாரு மழை! தார்ப்பாய், ஜமுக்காளம்னு கையில கெடச்சதைத் தூக்கிக்கினு தெருவே ஓடியாந்துது. நான் வேட்டியை அவுத்து மேல விரிச்சிட்டு டவுசரோட நின்னேன். எப்படியோ பாவைச் சுருட்டி உள்ள கொண்டு போயிட்டோம். ஒட்டின எடத்தையெல்லாம் அக்கா ரெண்டு நாள் உக்காந்து இழை இழையா பிரிச்சாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் பெரிய பேஜாரு. திட்டியிருந்தா எனக்குச் சோறு எறங்கியிருக்கும்.

மழை கொட்டின அன்னிக்குச் சாயந்திரமே மச்சான் போன் பண்ணான். "இங்க இன்னும் முப்பத்தஞ்சு, மாமா. மழைன்றதே இல்ல." என் பொண்டாட்டி காதுல விழுந்துது. பேசி முடிச்சதும் போனைப் பிடுங்கிப் பார்த்தா. முப்பத்தஞ்சு. மழை இல்ல. அந்த நெளிநெளி, அரபி எழுத்து.

"அய்யோ, ஆறு மாசமா துபாய் வெயிலைப் பார்த்து ஆரணிக்குச் சொல்லிகினு இருந்திருக்கியே!" தெருக்கோடி வரைக்கும் கேட்டுது.

புடவை நல்லாவே வந்துது. கல்யாணம் முடிஞ்சு பொண்ணும் துபாய்க்குப் பிளேன் ஏறிடுச்சு. மறுநாள் ஊரை ஆரணின்னு மாத்தலாம்னு போனை எடுத்துக்கினு வாசல்ல உக்காந்தேன். அக்கா ஓடி வந்து கையைப் பிடிச்சிக்கினாங்க.

"மாத்தாதப்பா. நம்மூரு மழை நம்ம தலைமேலயே விழும், தெரிஞ்சிப்போம். அங்க எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லு."

நான் போனைத் தொட்டுப் பார்த்தேன். "இருபத்தஞ்சுக்கா. நல்ல காத்து."

"அப்போ புழுங்காது. நல்லா தூங்கும்"னு சொல்லிட்டு, முந்தானையை வாயில வெச்சிக்கினு அழுதாங்க.